மூன்றாம் கிளட்ச் பிளேட் ஏறிய படலம்

முப்பத்தொரு மணி நேரம்! அத்தனை நேரமும் நாற்காலியை விட்டு அகலாமல், திறந்த வாய் மூடாமல் போர் நடத்திய வேதசிரோமணியை வாழ்த்துவோம். பல்லாவரத்து வங்கிக் கிளையின் துணை மேலாளரே, வாழ்க! மாடம்பாக்கத்து ரத்தினபாயின் ஒரே மருமகனே, பிளஸ்ஸியின் கரம்பற்றிய காவலனே, வாழ்க! இடக்கையில் கைபேசியும் வலக்கையில் ஸ்பேனரும் ஏந்தி, கைபேசியை மட்டுமே பயன்படுத்திய இரட்டைப் படைக்கல வீரனே, வாழ்க!

எதிரியோ மாமியார் வீட்டு மதிலோரம் நின்ற மினி டிராக்டர். செவ்வண்ண மேனியும் சேறுண்ட சக்கரமும் கொண்ட அந்த உருவில் சிறிய அரக்கனை, பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளை ஆண்டார். வெயிலிலும் மழையிலும் மைத்துனன் ஷெர்வின் ஓட்டினான். கேளம்பாக்கத்து வில்லாக்களில் புல் வெட்டியும், மேடவாக்கத்து மனைகளில் மேடு பள்ளம் நிரவியும் அவன் சாப்பிட்டதெல்லாம் அதன் புண்ணியம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மட்டும் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு அதன்மேல் எழுந்தருளி, நான்கு தெருவையும் உலா வருவார்.

அத்தகைய வண்டியின் கிளட்ச் பிளேட் எரிந்தது. ஒரே ஆண்டில் அது இரண்டாம் முறை. புதிய பிளேட்டைக் கேடயம்போல் உயர்த்தி, வீரர் முழங்கினார்:

"ஒரே வருஷத்துல ரெண்டு பிளேட் காலி! ஓட்டத் தெரியாதவன் கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான். இந்த மூணாவது பிளேட் ஏறட்டும், சாவி என்கிட்ட வந்துரும். சேலையூர்ல ஒரு டிரைவர் பேசி வச்சிட்டேன். நாளன்னைக்கி திங்கட்கிழமைலேருந்து அவன்தான் ஓட்டுவான்."

ஷெர்வின், "அத்தான், அது வந்து..." என்று தொடங்கினான். ரத்தினபாயின் கண் அம்பெனப் பாய்ந்தது. அவன் ஜாக்கியை எடுக்கப் போனான்.

அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு மறுபேச்சு என்பது இல்லை. குழம்பில் உப்பில்லை என்று அவர் சொன்னால், இருக்கும் உப்போடு இன்னொரு பிடி விழும். மாடம்பாக்கத்துக் கோயிலைக் கட்டியது பல்லவர் என்று அவர் சொன்னபோது, அதன் நிழலிலேயே வளர்ந்தவர்கள், சோழர் என்று தெரிந்தும், "அப்படியா மாப்பிள!" என்று வியந்தார்கள். பிளேட்டுகள் ஏன் எரிகின்றன என்பதும் தாய்க்கும் மகளுக்கும் மகனுக்கும் தெரியும். தெரிந்ததை விழுங்கிவிட்டு ஆளுக்கொரு டம்ளர் டீ குடித்தார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போர் மூண்டது. மினி டிராக்டரின் கிளட்ச், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒளிந்திருப்பது. அதைத் தொட வேண்டுமென்றால் வண்டியை இடுப்போடு இரண்டாகப் பிரித்தாக வேண்டும். மாப்பிள்ளையின் கைபேசியில் யாரோ ஒரு ஹரியானாக்காரர் அதை இந்தியில் விளக்கினார். மாப்பிள்ளைக்கு இந்தி தெரியாது. அது அவருடைய மொழிபெயர்ப்பைத் தடுக்கவும் இல்லை. "ஜாக்கி வை! கட்டை குடு! போல்ட்டைக் கழட்டு!" என்று ஆணைகள் இடியென இறங்க, அடியில் படுத்திருந்த ஷெர்வின் அவை வருமுன்பே கழற்றி முடித்திருந்தான். மாலைக்குள் வண்டி இரு கூறாகியது, கரிந்த பிளேட் வெளியே வந்தது, புதியது உட்கார்ந்தது.

பிளந்ததைச் சேர்ப்பதில்தான் பேரிடர். கியர்பாக்ஸின் ஷாஃப்ட், பிளேட்டின் நடுத்துளைக்குள் பல்லோடு பல் பொருந்தி நுழைய வேண்டும். கோட்டைக் கதவை முட்டும் மதயானையின் கொம்பென அது முட்டியது, பின்வாங்கியது, மறுபடி முட்டியது. சனி போயிற்று. ஞாயிறு ஆராதனைக்குப் போய்வந்து, வெள்ளைச் சட்டையோடே மாப்பிள்ளை மறுபடி நாற்காலி ஏறினார். "இடிச்சு ஏத்துடா!" என்றார். ஷெர்வின் இடிக்கவில்லை. இன்ஜினை ஒரு விரற்கடை திருப்பினான். 'களக்' என்ற ஓசையோடு இரு பாதியும் ஒன்றாயின.

"பாத்தியா? நான் சொன்னேன்ல!" என்றார் வீரர்.

பிற்பகல் மூன்று மணிக்கு வெற்றி உலா கிளம்பியது. ஹாரன் சங்கென முழங்க, தெருநாய்கள் கட்டியம் கூற, வாகனம் முதல் தெருவைக் கடந்தது, இரண்டாம் தெருவைக் கடந்தது. மூன்றாம் தெரு மேட்டில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த கங்கம்மா மூக்கைப் பொத்தினாள்.

"இன்னா சார், எதுனா தீயுதா? ஒரே நாத்தமா கீது!"

"புது பிளேட்னா அப்படித்தாம்மா!"

பின்னால் நடந்து வந்த ஷெர்வின் அந்த வாசனையை அறிவான். நாளைக்குக் கேளம்பாக்கத்தில் தன் இருக்கையில் யாரோ ஒரு சேலையூர்க்காரன் உட்காரப்போவதை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தான்.

வாசலில் வந்து இறங்கிய வேதசிரோமணி, கேட்டருகே நின்ற மனைவியையும் மாமியாரையும் ஒருமுறை பார்த்து, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். கரும்புகை சூழ, களம் வென்ற மன்னனாய் அறிவித்தார்:

"வண்டின்னா இப்படி ஓட்டணும்! ஷெர்வினால எரிஞ்சது இதோட போதும். அந்த டிரைவருக்கு இப்பவே போன் போடுறேன்."

கைபேசி காதுக்கு உயர்ந்தது. கல்யாண நாள் தொட்டு மருமகனிடம் "சாப்பிடுங்க", "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" தவிர வேறொன்றும் பேசியறியாத ரத்தினபாய், டீ டம்ளரை மதில்மேல் வைத்தாள். மகனை ஒருமுறை பார்த்தாள்.

"ஓட்டும்போது நீங்க கிளட்ச் மேலேருந்து காலையே எடுக்க மாட்டேங்கறீங்க மாப்பிள, அதான் எரியுது."