வாளி என்றொரு சட்டாம்பிள்ளை

கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னைக் கண்டு யாராவது பயந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்த ஒரே தலைவன் எங்கள் வாளிதான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்து விடுதியில் நாங்கள் நாற்பது பேர். ஐந்தாம் பாரம், அதாவது பத்தாம் வகுப்பு, படித்த வாளியைப் பையன்களை மேய்க்கும் சட்டாம்பிள்ளை ஆக்கினார் வார்டன் சாமியார். அதுவரை சட்டாம்பிள்ளை என்றால் ராஜா. முதுகு தேய்க்க ஒருத்தன், வேட்டி துவைக்க ஒருத்தன்.

பெரியவனாக ஆசைப்படுகிறவன் மற்றவர்களுக்கு வேலை செய்யட்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைத்தார் சாமியார். நாற்பது பேரும் கேட்டோம். வாளி மட்டும் அதை நம்பிவிட்டான்.

மறுநாள் விடியும்போது நாற்பது பேருக்கும் குளிக்கத் தண்ணீர் இறைத்து வைத்திருந்தான். வாளி என்ற பட்டப்பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. சிரங்கு வந்த பையன்களுக்கு வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சி, உட்கார வைத்துக் காலைக் கழுவிவிடுவான். "எரியுதாலே? எரிஞ்சாச் சொல்லு, நிறுத்திருதேன்" என்பான். எரியாதவனும் கத்துவான். உடனே மன்னிப்புக் கேட்பான்.

காலைப் படிப்புக்குத் தாமதமாக வருகிறவனுக்கு ஓர் அடி கொடுக்கச் சொல்லி சாமியார் பிரம்பைக் கொடுத்தார். முதல் நாள் ஒருத்தன் தாமதமாக வந்தான். வாளி தன் இடது கையை நீட்டி, தானே ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டான்.

"என்னடா பண்ற?"

"ஒன்னைய நேரத்துக்கு எழுப்பாதது என் தப்புதானலே."

இப்படி ஒரு வேடிக்கையை விடுவோமா? அடுத்த நாள் இன்னும் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு வேண்டுமென்றே தாமதமாகப் போனேன். ஆமாம், நான்தான் திரட்டினேன். பதினோரு அடியும் அடித்துக்கொண்டு, "உக்காருங்கப்பா" என்றான். வீங்கிய கையால் வாளியைத் தூக்க முடியாமல் அன்று முழுக்க வலது கையாலேயே தண்ணீர் சுமந்தான். நாங்கள் சிரித்தோம். பலமாகச் சிரித்தவனும் நான்தான்.

சித்திரை வெயிலில் எனக்குப் பெரியம்மை கண்டது. ஒரே நாளில் விடுதி காலி. அம்மை இறங்கும்வரை என்னை வண்டியில் ஏற்றக் கூடாது என்றார் சாமியார். கைப்பிள்ளைக்காரியான அம்மா வர முடியாமல், தேனிப் பக்கத்து எங்கள் வீட்டிலிருந்தே வீரபாண்டி ஆத்தாளுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டாள்.

வாளி மட்டும் கிளம்பவில்லை.

"ஏலே, நீயும் போயிரு. ஒட்டிக்கிரும்."

"நான் சட்டாம்பிள்ளைலே. எல்லாரும் போன பெறகுதான் நான் போகணும். நீ இன்னும் போகலயே!"

பதினான்கு நாள் வேப்பங்கொத்தால் விசிறினான். கஞ்சி ஊட்டினான். எரிச்சலில் அதை அவன் முகத்திலேயே துப்பினேன். துடைத்துக்கொண்டு, "உப்புக் கூடிப்போச்சோ?" என்று கேட்டான். பதினைந்தாம் நாள் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். என்னை ஏற்றிவிட்ட பிறகே அவன் தன் ஊரான கம்பத்துக்குக் கிளம்பினான்.

பத்து நாளில் அவனுக்கும் அம்மை கண்டதாகச் சேதி வந்தது.

பள்ளிக்கூடம் திறந்த வாரம், வாளி தன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பெட்டியை எடுத்துப்போக வந்தான். இரண்டு கண்ணும் போயிருந்தன. வராந்தாவில் மற்ற முப்பத்தொன்பது பேரும் நின்றோம்.

"பயலுக எல்லாம் எங்கன இருக்காக?" என்று அப்பாவிடம் கேட்டான். யாரோ என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

"யாருலே அது?"

"சவரிமுத்து" என்றேன். பக்கத்தில் நின்றவனின் பெயர் அது.

"சவரியா? அம்மை கண்டானே அந்தப் பய, எப்படி இருக்கான்? கண்ணுக்கு ஒண்ணும் இல்லயே?"

"இல்ல. நல்லா இருக்கான்."

"அப்பாடா!" என்று சிரித்தான். "அவன்கிட்டச் சொல்லு. எனக்கு அவனால வரல. எங்க தெருவுலயே அம்மை இருந்துச்சு. வீணா மனசப் போட்டுக் கொழப்பிக்க வேணாம்னு சொல்லு."

"சொல்லுதேன்" என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனுடைய அப்பா நடந்தார். அவர் தோளைப் பிடித்தபடி வாளியும் போனான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

பதினான்கு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முனகலைக் கேட்டவன். என் குரல் அவனுக்கா தெரியாது!