உலக மூளையின் கொக்குவில் கிளை

மனிதகுல வரலாற்றில் திருப்புமுனைகள் மூன்றே மூன்றுதான்: நெருப்பு, சக்கரம், கொக்குவில் வளர்பிறை சனசமூக நிலையம். சொன்னவர் அந்த நிலையத்தின் தலைவர் குகதாசனே என்பதால் இதில் ஐயப்பட இடமில்லை.

உலகெங்கும் நூற்றுக்கணக்கான கணினிகள் சேர்ந்து ஒரே செயற்கை அறிவுக்குப் பாடம் படிப்பிக்கிற வலையமைப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு கணினி நிலையத்தின் வாசிகசாலைக்கு வந்து சேர்ந்தது. ஏழு நாள் நிற்காமல் ஓடினால் அதை நிரந்தரமாகச் சேர்ப்பார்கள். அதைப் பொருத்தி ஓடவிட்ட ஜெசிதாவுக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் நிரந்தர வேலை. ஒருமுறை நின்றாலும் இரண்டு பேருக்கும் பிரியாவிடை. பாவம், குருநகரிலிருந்து வந்து போகிறவள், அந்தப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்தாள். அது இரைந்து ஓடிய ஒவ்வொரு நாளும் சுவர்க் கலண்டரில் கோடு போட்டாள்.

ஆறாம் நாள் கல் வந்தது. கருங்கல்லில் பொன்னெழுத்து: "இம்மாபெரும் அறிவுப் பெட்டி ரொறன்ரோ வாழ் வள்ளல் பிரகலாதன் அவர்களின் உபயம். முன்னிலை: தலைவர் குகதாசன்." மறுநாள் வள்ளலே நேரில் வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு.

"இதைச் சுவரிலை பதிப்பம் ஐயா" என்றாள் ஜெசிதா.

"சுவரிலை எங்கை பிள்ளை இடம்? ஃபான் உபயம், கதிரை உபயம், சுவருக்கு வெள்ளை அடிச்ச உபயம் எண்டு ஏற்கெனவே கல்லாலை நிரம்பிப் போச்சு. பெட்டியிலைதான் ஒட்டவேணும். முன்பக்கம்" என்றார் குகதாசன்.

"ஐயோ, முன்பக்க ஓட்டையளாலைதான் உள்ளுக்குக் காத்துப் போகுது. மூடினால் சூடேறி நிண்டிடும். பின்னுக்கு ஒட்டுவமே?"

"உமக்கென்ன விசரே? மனுசன் கனடாவிலை இருந்து முதுகைப் பாக்கவே வாறார்?"

நிர்வாகசபை அவசரமாகக் கூடியது. நிகழ்ச்சி நிரல்: காற்றா, கல்லா? உபதலைவர் றஞ்சித் நெடுநேரம் கண்ணை மூடிச் சிந்தித்து, ஒரு 'தொழில்நுட்ப' ஆலோசனை வழங்கினார்.

"ஒரு நாள்தானே? மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கட்டுமன்."

ஏகமனதாக நிறைவேறியது. ஜெசிதாவின் ஆட்சேபம் 'நன்றியுடன்' பதிவு செய்யப்பட்டது. மறுநாள் காலை கல் ஒட்டப்பட்டது.

விழாவில் நாதஸ்வரம், மாலை, ஐந்து உரைகள். மாலை கல்லுக்கு. ஐந்தாவது உரைக்குக் குகதாசன் எழுந்து, "கற்றல் என்றால் என்ன?" என்று தொடங்கிய நாற்பதாவது நிமிடம், பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இரைச்சல் போனதில் பேச்சுத் தெளிவாகக் கேட்டது, சபை கைதட்டியது. ஜெசிதாவுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. வள்ளல் அதை ஆனந்தக் கண்ணீர் என்று படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாளே வலையமைப்பு இணைப்பை வெட்டியது. பெட்டியின் 'கடமை தவறிய போக்கு' பற்றி நிர்வாகசபை ஜெசிதாவிடம் விளக்கம் கேட்டது. வேலை போனவளுக்கு இனி என்ன பயம்? பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை ஐயா. தனக்கு முன்னாலை இருக்கிறதைப் பாத்துப் பழகிறதுதான் அதின்ரை வேலை. ஏழு நாளா உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருந்தது. கல்லிலை பேர் வந்திட்டால் பிறகு வேலை செய்யத் தேவையில்லை எண்டு படிச்சிட்டுது."