ஏழு ராஜாக்களுக்கு நான் அனுப்பிய நோட்டீஸ்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும் பஸ் டிப்போவும் தொழிற்சங்கமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மருமகனும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவன் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவன் எப்படி இருக்கிறான் என்பதை உங்கள் தங்கையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். வருகிற சனிக்கிழமை நாலு மணிக்குள் நீங்கள் வந்து எனக்காக அவனிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். தாய்மாமன் சொன்னால் கேட்பான். தவிர, இதில் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. பன்னிரண்டு வயதில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தது நானில்லை.

நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்கிறேன். அவன் பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறான், மற்ற நேரத்தில் ராஜ்ஜியம் கட்டுகிறான். கேலி செய்யவில்லை. அந்தக் காலத்து ராஜாக்கள் கோட்டை கட்டி, படை திரட்டி, ஒருவர் ஊரை ஒருவர் பிடிக்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். அதைச் செய்தவர்கள் வேறு யாரோ. இவர்கள் அதற்குள் புகுந்து, தாங்களே வரைந்த மலையையும் ஆற்றையும் ராஜாக்களையும் வைத்து அதை வேறு விளையாட்டாகவே மாற்றிவிட்டார்கள். இதற்கு ‘மோட்’ என்று பெயர். சம்பளம் கிடையாது, ஆனால் எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் விளையாடுகிறார்கள். இதுவரை ஏழு ராஜ்ஜியம். எட்டாவதாக ஒரு புதுத் தரப்பு வரப்போகிறது என்று ஆறு மாதம் முன்பே தம்பட்டம் அடித்துவிட்டார்கள். எந்தத் தரப்பு என்பதில்தான் வம்பு.

குழுவில் மூன்று பேர். உங்கள் மருமகனுக்கு மலையில் வாழும் வில்லாளிகள் வேண்டும். பல் டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறார், கவசம், கேடயம், கொடி எல்லாம் அவர் வரைவதுதான், அவருக்குக் கடலோடிகள் வேண்டும். மூன்றாவது ஆள் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பேச்சை எடுத்தாலும் குதிரைப்படையில் கொண்டுபோய் முடிப்பதால் அவருக்குக் ‘குதிரை’ என்றே பெயராகிவிட்டது. அவருக்கு என்ன வேண்டும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் எங்கள் முன்னறையில் ஓட்டுப் போடுவார்கள், மூன்று தரப்புக்கும் ஆளுக்கொரு ஓட்டு விழும், டாக்டர் அம்மா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கோபமாகக் கிளம்புவார், பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவார். இப்படி ஐந்து வாரம் போயிற்று.

ஆறாவது வாரம் நான் டீ கொண்டுபோய் வைத்தேன். அங்கே பிடித்தது சனி.

“நாலாவதா ஒரு ஓட்டு வேணும். இந்த மூணுல எதுமேலயும் ஆசை இல்லாத ஆளா பாக்கணும்” என்றார் குதிரை.

உங்கள் மருமகன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “அப்பா, உங்களுக்கு இதுல ஒண்ணும் புரியாதுல்ல?”

“சுத்தமா புரியாதுடா.”

“அப்ப நீங்கதான் சரியான ஆளு.”

மச்சான், உங்களிடம் மறைப்பானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிட்டையர் ஆகி நாலு வருஷமாக என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. காய்கறிக் கடைக்காரர்கூட என்ன வேண்டும் என்று கேட்காமல் அவராகவே பையில் போடுகிறார். இவனோ வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து “வர்றேன்ப்பா”, “சாப்டாச்சுப்பா” என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டவன். அவன் வாயால் என் கருத்தைக் கேட்கிறான்! ஒரு பெயரைச் சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. முப்பத்தைந்து வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவன், வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை என்று சொல்லித் தொலைத்தேன். பாவம், அவனும் சந்தோஷமாகக் கம்ப்யூட்டரைத் திறந்து, பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்தான்.

வரைபடத்தைப் பன்னிரண்டு தாளில் அச்செடுத்து, ஒட்டி, சாப்பாட்டு மேசையில் விரித்து, அளவுகோலும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தேன். ஒரு வாரம் உங்கள் தங்கை தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டாள். “இத்தனை வருஷம் இருக்கிற ஊரை அளந்தீங்க சரி, இல்லாத ஊரையும் அளந்துதான் தீரணுமா?” என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்கு வியர்க்க ஆரம்பித்திருந்தது. ஏழு ராஜாக்களும் தங்களுக்குச் சொந்தம் என்று சொல்லும் பரப்பைக் கூட்டினால் மொத்த நாட்டைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக வருகிறது. வடதிசை மன்னர் கோட்டை கட்டியிருப்பது மேற்குத்திசை மன்னரின் மேய்ச்சல் நிலத்தில். பெரிய ஆறு கடலில் கிளம்பி மலை ஏறுகிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புதுத் தரப்புக்கென்று இந்த மூன்று பேரும் தனித்தனியாகக் கேட்டிருந்த இடத்தைக் குறித்துப் பார்த்தால், மூவரும் கேட்டிருப்பது ஒரே மேடு. கடலோடிகளுக்கும் அதே மேடுதான். துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போக இரண்டு நாள் நடக்க வேண்டும்.

பொறுப்பில் இருப்பவன் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். எல்லைத் தகராறு தீரும்வரை எந்தப் புதுத் தரப்புக்கும் நிலம் ஒதுக்கக் கூடாது என்று ஆட்சேபணை எழுதினேன். ஏழு மன்னர்களுக்கும் தனித்தனியாக நோட்டீஸ் தயாரித்தேன். முப்பது நாளுக்குள் ஆவணங்களோடு நேரில் ஆஜராகத் தவறினால் கோட்டை இடிக்கப்படும் என்று எழுதினேன். நோட்டீஸ் என்றால் பொது இடத்தில் ஒட்டியாக வேண்டும், அது விதி. விளையாடுகிறவர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கம் ஒன்று இருந்தது, பாஸ்வேர்ட் கையில் இருந்தது, அவன் ஆபீசில் இருந்தான். ஒட்டிவிட்டேன். அது அவன் பெயரில் வெளியாகும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலத்துக்குள் முன்னூறு பேர் பதில் எழுதிவிட்டார்கள். வடதிசைக்காரர்களும் மேற்குத்திசைக்காரர்களும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார்கள். ஆறு மலை ஏறுவதை ஒருவர் படமாகவே போட்டுச் சிரித்திருந்தார். டாக்டர் அம்மா, வாயைத் திறந்தபடி ஒரு நோயாளி காத்திருக்க, எனக்குப் போன் செய்தார். “அங்கிள், என் துறைமுகத்துக்கு முன்னாடி கடலே இல்லன்னு ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டீங்களே! இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரைவேன்?” குதிரை நேரிலேயே வந்து, எங்கள் வீட்டில் போட்டு வைத்திருந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். வாசல் தாண்டும்போது, “குதிரைய பத்தி ஒரு வார்த்தைகூட நீங்க எழுதலையே அங்கிள்” என்றார். அதுதான் அவருக்கு வருத்தம்.

உங்கள் மருமகன் ஆபீசிலிருந்து வந்தான். கையில் ஹெல்மெட்டோடு நின்றபடியே எல்லாவற்றையும் படித்தான். “மூணு வருஷ வேலைப்பா” என்றான். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். என் அளவில் தப்பில்லை மச்சான், இன்னும் பத்துத் தடவை அளந்தாலும் அதே கணக்குத்தான் வரும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு அளவுகோலைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. ‘ஆட்சேபணை வாபஸ்’ என்று ஒரு மனு எழுதி அவன் அறைக் கதவில் ஒட்டினேன். உங்கள் தங்கை அதைப் பிய்த்துக்கொண்டு வந்து, “பெத்த பிள்ளைக்கு யாராவது மனு போடுவாங்களா? போய் வாயைத் திறந்து பேசுங்க” என்றாள். போனேன். கதவுவரை போய், ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மூவரும் கடைசியாகக் கூடுகிறார்களாம், குழுவைக் கலைத்துவிடலாமா என்று ஓட்டுப் போட. அதற்குள் நீங்கள் வர வேண்டும். டிப்போவில் எத்தனை வேலைநிறுத்தத்தைப் பேசித் தீர்த்தவர் நீங்கள்! என் ஓட்டை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். அவன் எந்த மலையில் வேண்டுமானாலும் வில்லாளிகளை வைத்துக்கொள்ளட்டும், ஆறு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடட்டும், அப்பா இனி வாய் திறக்க மாட்டார் என்று சொல்லுங்கள். அவன் என்னிடம் “சாப்டாச்சுப்பா” என்று சொன்னால் போதும்.

உங்கள் வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும். பெரியவளுக்கு வேலை நிரந்தரமாகவும், சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடி பழகவும் என் ஆசிகள். படி ஏறும்போது முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
தங்கை வீட்டுக்காரன்,
நில அளவை மேற்பார்வையாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்றுமுன் அவன் வந்து என் அறை வாசலில் நின்றான். “அப்பா, உங்க படையில எத்தனை பேரு இருப்பாங்க?” என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராஜாக்களுக்கே நோட்டீஸ் விட்ட அந்த நில அளவை ஆட்கள் யார், அவர்களையே எட்டாவது தரப்பாகப் போடுங்கள் என்று இரண்டாயிரம் பேர் கேட்டிருக்கிறார்களாம். டாக்டர் அம்மா கேடயம் வரைய உட்கார்ந்துவிட்டார். அளக்கப் போகிறவர்கள் குதிரையில் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு குதிரையும் சம்மதம். மூன்று ஓட்டும் ஒரே பக்கம் விழுந்தது இதுதான் முதல் தடவை. நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்க ரெண்டு பேர், கொடிக்கு ஒருத்தர், குடைக்கு ஒருத்தர் என்றேன். “அப்ப சண்டை யாரு போடுறது?” என்றான். “நாங்க போய் நின்னா போதும்டா, அவங்களுக்குள்ளயே போட்டுக்குவாங்க” என்றேன். சிரித்தான் மச்சான். பிறகு எங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தைக் காட்டினான். பார்த்தால் ஏரி. ஏரிக்குள் இடம் வாங்க மாட்டேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, போச்சு, இன்னும் ஒன்பது நாள் என்று நினைத்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, “சரி, எங்க வேணும்னு நீங்களே காட்டுங்க” என்றான். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. நீங்கள் வர வேண்டாம். வந்தால் சமரசம் பேசுவீர்கள், அதற்கு இப்போது நேரமில்லை. வடதிசை மன்னர் கோட்டையைக் காலி செய்ய மறுக்கிறார். சனிக்கிழமை நானும் உங்கள் மருமகனும் நேரில் போகிறோம்.