நோர்வே அண்ணை வீட்டு வெக்கை

லண்டனில் குளிர் கிடையாது. இந்தக் கொள்கையோடு இந்த நகரத்தில் குடியிருக்கிற ஒரே தமிழர், நான் அறிந்தவரை, கிங்ஸ்பரியில் எங்கள் தெருவில் இருக்கும் நோர்வே அண்ணைதான். பனி கொட்டி, பஸ் ஓடாமல், பள்ளிக்கூடங்களை மூடிவிட்ட நாளிலும் அவர் சாரமும் பெனியனுமாகக் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி யன்னலால் பார்த்து, அம்புலன்சைக் கூப்பிடுவோமா என்று யோசிக்கிற அளவுக்கு ஆற அமர நிற்பார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்து, "நல்ல காலநிலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. கலியாணக் கார்டில்கூட 'நோர்வே அண்ணை குடும்பம்' என்று எழுதித்தான் கொடுப்போம். அவரும் தவறாமல் வந்துவிடுவார். வந்து செய்கிற முதல் வேலை மண்டபத்து யன்னல்களைத் திறப்பது. ஒருமுறை மார்கழியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனவர், காற்றோட்டம் போதாது என்று பின்கதவை அகலத் திறந்துவிட, பிள்ளை ஊத முதலே கேக்கில் இருந்த மெழுகுதிரி எல்லாம் அணைந்துபோயிற்று. பிள்ளை வீரிட்டு அழுதது. "சுத்தமான காத்து. அழட்டும், நெஞ்சுக்கு நல்லது" என்றார்.

முன்னொரு காலம் நோர்வேயின் வடக்கு முனையில் மீன் பக்டரியில் வேலை செய்தவர். கோயிலும் தமிழ்க்கடையும் கிட்ட வேண்டும் என்று மனைவி சுகந்தி அக்கா ஒற்றைக்காலில் நின்றதால், வளர்ந்த பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தார். இங்கே பிறீசர் பூட்டிய ஒரு வான் வண்டியில் தமிழ்க்கடைகளுக்கு மீன் போடுகிறார். யாராவது அவர் முன்னால் கையைத் தேய்த்துக்கொண்டு "என்ன குளிர்" என்று சொன்னால் போதும், வானின் பின்கதவைத் திறந்து காட்டுவார். "இதுக்குள்ள ஏறு. இது குளிர். வெளியில இருக்கிறது வெறும் காத்து."

தெருவில் யார் வீட்டுப் பொயிலராவது நின்றுவிட்டால், எஞ்சினியருக்கு முன்னால் வந்து நிற்பது நோர்வே அண்ணைதான். பொயிலர் என்பது எங்கள் வீடுகளில் குசினிச் சுவரில் தொங்குகிற ஒரு வெள்ளைப் பெட்டி. குழாயில் சுடுதண்ணீர் வருவதும், அறைகளில் ஹீற்றர் சுடுவதும் அதன் தயவில்தான். அது நின்றால் சனம் அழாக்குறையாக இருக்கும். நோர்வே அண்ணையோ பொயிலரைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அதில் எது தலை எது கால் என்றே அவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது எங்கள் கால்களை.

"உது என்ன சொக்ஸ்? பருத்தியோ? உனக்குக் குளிராம என்ன செய்யும்."

அவருடைய வீட்டிலும் பொயிலர் இருந்தது. வாங்கிய நாள் முதல் ஹீற்றர் போட்டதில்லை. தண்ணீர் சுட வைக்க மட்டும் அனுமதி. சூடு கூட்டிக் குறைக்கிற திருகி நடைபாதைச் சுவரில் இருந்தது. அதன் மேல் கோயில் கலண்டரைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார். முருகனைக் கழற்றிவிட்டுத் திருகியில் கைவைக்கிற துணிச்சல் சுகந்தி அக்காவுக்கு வராது என்பது அவருடைய கணக்கு.

சுகந்தி அக்கா அதற்கு வேறு வழி வைத்திருந்தார். "தங்கச்சி, ஒரு சுண்டு சீனி இருக்கோ?" என்று எங்கள் வீட்டுக்கு வருவார். என் மனைவி வதனி சீனியைக் கொடுப்பாள். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, முதுகை ஹீற்றரோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். விளக்கு வைக்கிற நேரமாகும். "அக்கா, அண்ணை தேடமாட்டாரோ?" என்று கேட்டால், "அவர் யன்னலைத் திறந்துபோட்டு இருப்பார். எனக்கு என்ன அவசரம்" என்பார். சீனியை மறந்துவிட்டும் போவார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வீட்டில் தோசைமா புளிக்காது. நாட்கணக்கில் வைத்தாலும் அரைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே சட்டிக்குள் அசையாமல் கிடக்கும். அதனால் அக்கா மாச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பொயிலரின் மேல் வைத்துவிட்டுப் போவார். மறுநாள் பொங்கிய மாவோடு வந்து எடுப்பார். பனிக்காலத்தில் பொயிலருக்குப் பக்கத்தில் மா வைக்காத தமிழ் வீடு இந்த ஊரில் குறைவு என்பதால், நாங்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாங்கள் இல்லாத நேரமும் கதவைத் திறந்து வந்து மா வைக்கட்டும் என்று எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்றும் அக்காவிடம் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான், தண்ணீர்க் குழாய்களே உறைந்துபோன ஒரு கிழமையில், எங்களுக்கு மகள் பிறந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து குளித்து உடுப்பு மாற்ற வந்தேன். வீடு வெளியைவிடக் குளிராக இருந்தது. பொயிலரில் எப்போதும் எரிகிற சின்ன வெளிச்சம் இல்லை. பொத்தான்களை அமத்தினேன், தட்டினேன், கெஞ்சினேன். தெரிந்த எஞ்சினியர், தெரியாத எஞ்சினியர் எல்லாருக்கும் அடித்தேன். லண்டனில் பாதிப் பொயிலர்கள் அன்றைக்கே நின்றுவிட்டன போலும். திங்கட்கிழமைக்கு முன்னால் வரக்கூடியவர் ஒருவரும் இல்லை. மகளோ மறுநாள் காலை வீட்டுக்கு வருகிறாள்.

கோட்டைக் கழற்றாமல் குசினியில் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. நோர்வே அண்ணை வந்தார்.

"என்ன, நிண்டிட்டுதோ?"

"ஓம் அண்ணை."

"நல்லது. இனி வீடு மூச்சு விடும்." அவர் போய்க் குசினி யன்னலைத் திறந்தார். "சொக்ஸைக் காட்டு பாப்பம்."

"அண்ணை, நாளைக்குக் காலமை பிள்ளையைக் கொண்டு போகச் சொல்லியிருக்கினம்."

"கொண்டு வா. நோர்வேயில பச்சைப்பிள்ளையளைத் தள்ளுவண்டியில வைச்சு, பனிக்குள்ள வெளியில விட்டு நித்திரையாக்கிறவங்கள். அதுகள் எப்பிடி வளர்ந்து..." வசனத்தை முடிக்கவில்லை. அவருடைய ஒரு கை இன்னும் யன்னலில் இருந்தது. "பிள்ளை என்ன நிறை?"

"ரெண்டரைக் கிலோவும் இல்லை அண்ணை. கொஞ்சம் முந்திப் பிறந்திட்டுது."

"சின்னன்" என்றார். பிறகு யன்னலை மூடிக் கொளுக்கியையும் போட்டார். அவர் ஒரு யன்னலை மூடியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். "எங்கட வீட்டை கொண்டு வா. பொயிலர் திருந்துமட்டும் அங்க இருக்கலாம்."

போனில் வதனியிடம் சொன்னேன். "அந்த வீட்டுக்கோ? அதுக்கு நான் பிள்ளையோட ஆஸ்பத்திரிக் கார் பார்க்கிலயே இருந்திடுவன்" என்றாள். உறவுக்காரர் வீடுகளை யோசித்துப் பார்த்தோம். ஒரு வீட்டில் எல்லாருக்கும் சளி, மற்ற வீடு நெடுந்தூரம். வேறு வழி இல்லை. மகளைக் கம்பளிகளில் சுற்றிச் சுற்றி, உள்ளே பிள்ளை இருக்கிறதா என்று தேட வேண்டிய நிலையில் ஞாயிறு காலை கொண்டு போனோம்.

நோர்வே அண்ணை வீட்டுக்கு முன்னால் சனம் நின்றது. எதிர்வீட்டுக் குஜராத்திக்காரர் என்னைக் கண்டதும் ஓடிவந்து, உள்ளே நெருப்புப் பிடித்துவிட்டதா என்று கேட்டார். வீட்டுச் சுவரிலிருந்த குழாயால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. எங்கள் எல்லார் வீட்டிலும் பனிக்காலம் முழுக்க வருகிற புகைதான். அந்த வீட்டில் அது இப்படிக் கொட்டியதை ஒருவரும் கண்டதில்லை.

கதவு திறந்தது. சித்திரை மாதத்து வெக்கை முகத்தில் அடித்தது. யன்னல் இடுக்குகளில் எல்லாம் துவாய் அடைத்திருந்தது. கலண்டர் முருகன் குசினிக் கதவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். நோர்வே அண்ணை சாரத்தோடு நின்றார். பெனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சுகந்தி அக்காவை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சுவெட்டர்களைக் கழற்றியதும் ஆள் பாதியாகிவிட்டார்.

"உள்ளுக்கு வாங்கோ, கதவைச் சாத்துங்கோ, வெக்கை போகுது" என்று நோர்வே அண்ணை அவசரப்படுத்தினார்.

பின்னேரமளவில் வதனிக்குத் தாங்க முடியவில்லை. அறை அளவுக்கு மீறிச் சூடாக இருக்கக்கூடாது என்று நேர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். "அண்ணை, கொஞ்சம் யன்னலைத் திறப்பமோ?" என்று கேட்டாள்.

"உமக்கு விசரே? வெளியில என்ன குளிர்."

தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். ஒருதரம் இருமினார். மீன் வானைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். அன்று கடைகள் இல்லை, மீனும் இல்லை. வெகுநேரம் பிறீசருக்குள் இருந்துவிட்டு, முகம் தெளிந்து திரும்பி வந்தார்.

அவர் போன நேரத்தில் அக்கா திருகியை மெல்லக் குறைத்தார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "நோர்வேயில எங்கட மூத்தவன் பிறந்த நேரம் கரண்ட் நிண்டுபோச்சு. பனிக்குள்ள ஒருத்தரும் வர ஏலாது. இவர் பிள்ளையை நெஞ்சோட கட்டிக்கொண்டு, குளிர் இல்லையடா, குளிர் இல்லையடா எண்டு சொல்லிச் சொல்லி வீட்டுக்குள்ள நடந்தவர். பேந்து இண்டைவரைக்கும் அந்தக் கதையை விடேல்லை."

நான் எத்தனையோ தடவை அந்த மனிதரைப் பகிடி பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு எழுந்து போய், யன்னல் இடுக்கிலிருந்து நழுவிய துவாயைத் திரும்ப அடைத்தேன்.

திங்கட்கிழமை எஞ்சினியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் நோர்வே அண்ணையும் சுகந்தி அக்காவும் பக்கத்தில் நின்றோம். அவர் பொயிலரின் மூடியைக் கழற்றினார். உள்ளே வயர்களும் பலகையும் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக என்னவோ வழிந்து காய்ந்து கிடந்தது. விரலால் சுரண்டினார். மணந்து பார்த்தார். தன் அனுபவத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றும், இது என்ன என்றும் என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவைப் பார்த்தேன்.

"பிள்ளை பாக்க வாற சனத்துக்குத் தோசை சுடுவம் எண்டு பெரிய சட்டியில வைச்சனான்" என்றார் அக்கா மெதுவாக. "கொஞ்சம் பொங்கி வழிஞ்சது. மேலால வடிவாத் துடைச்சுப்போட்டுத்தானே எடுத்தனான்."

"இஞ்ச ஏன் கொண்டுவந்து வைச்சனீர்?" என்று நோர்வே அண்ணை அதட்டினார்.

"எங்கட வீட்டில எங்க புளிக்குது?"

நான் அண்ணையைப் பார்த்தேன். எஞ்சினியருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரும் நோர்வே அண்ணையைத்தான் பார்த்தார். அண்ணை காய்ந்த மாவைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

"நல்லாப் புளிச்சிருக்கு" என்றார்.

பொயிலர் அன்றே திருந்தியது. எஞ்சினியர் தோசையும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போனார். நோர்வே அண்ணை பழையபடி கொள்கைக்குத் திரும்பினார். வருடங்கள் போய்விட்டன; இன்றைக்கும் பனிக்குள் சாரத்தோடு குப்பைத் தொட்டி உருட்டுகிறார், மண்டபங்களில் யன்னல் திறக்கிறார், என் சொக்ஸைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். ஆனால் முருகன் இன்னும் குசினிக் கதவிலேயே இருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு என் மகள் அங்கே போகிற நாட்களில், அவள் போகுமுன்பே அந்தச் சுவர்க் குழாயால் புகை வரத் தொடங்கிவிடும். அவள் வாசலிலேயே கோட்டையும் சுவெட்டரையும் சொக்ஸையும் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடுவாள். சுகந்தி அக்கா இப்போது சீனி கேட்டு வருவதில்லை.

போன கிழமை மகளின் ரீச்சர் என்னைப் பள்ளிக்கூட வாசலில் மறித்தார். வகுப்பில் வெக்கையான நாடுகளின் பெயர் கேட்டாராம். மற்றப் பிள்ளைகள் இந்தியா, எகிப்து என்று சொல்ல, என் மகள் எழுந்து நின்று நோர்வே என்றாளாம். இல்லை என்று ரீச்சர் சொன்னதும் அழுதுவிட்டாளாம். வீட்டில் கொஞ்சம் விளங்கப்படுத்த முடியுமா என்று கேட்டார்.

நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்னும் அவளைத் திருத்தவில்லை. திருத்துகிற எண்ணமும் இல்லை.