லோங்கானில் பூத்த அபூர்வம்

உலகத் தாவரவியலுக்கு ஈப்போ தமிழர்கள் ஆற்றிய மாபெரும் தொண்டு, பீடோருக்கு அருகே அடைபட்ட ஒரு சாக்கடையில் தொடங்கியது. 'பசுமைக் காவலர் பேரவை'யின் செயலாளர் என்ற முறையில் இதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன்.

முன்னாள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தையல் தைத்துப் பிழைக்கும் கலாதேவி, எங்கள் தலைவர் மயில்வாகனத்தை அழைத்திருந்தார்.

"லோங்கான்ல சாக்கடைத் தண்ணி அடைச்சுக்கிச்சு அண்ணே. மழை பேஞ்சா அடுப்படிக்கே தண்ணி வருது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா சாக்கடை அள்ற லாரி வரும் லா."

தலைவர் வந்தார். சாக்கடையைப் பார்க்கவில்லை, அதில் மண்டியிருந்த செடியைப் பார்த்தார். கைபேசியில் படம் பிடித்தார். பரவசத்தோடு அறிவித்தார்:

"கணுவுக்குக் கணு மெல்லிய உறை! ஈட்டி இலை! இளஞ்சிவப்புப் பூங்கதிர்! பக்வீட் தானியக் குடும்பத்தின் காட்டு வாரிசு. தேங்கிய நீரே இதன் வாழிடம். நீரை வடித்தால் இனமே அழியும்."

"இது எல்லா லோங்கான்லயும் கெடக்குது அண்ணே."

"அபூர்வம் எங்கும் இருப்பது நம் அதிர்ஷ்டம்."

பேரவை அவசரமாகக் கூடியது. சாக்கடை 'ஈரநிலப் புகலிடம்' ஆனது. மண்வெட்டிக்குத் தடை. வேலி, பலகை, ரிப்பன், கேசரி.

அந்த வாரமே பெருமழை. கலாதேவி வீட்டில் முழங்கால் தண்ணீர். தையல் மெஷின் மூழ்கியது. தைத்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகள் சேறாயின. அழுதுகொண்டே போன் செய்தார்.

"வாழிடம் விரிவடைகிறது!" என்று தலைவர் நெகிழ்ந்தார்.

மறுநாள் கலாதேவி அழவில்லை. கைக்கெட்டிய செடிகளை வேரோடு பிடுங்கி இரண்டு கோணிகளில் அமுக்கி, பஸ் ஏறி ஈப்போ வந்தார். தலைவர் பங்களாவின் பின்பக்கக் கால்வாயில் அத்தனையையும் திணித்தார். மாலை மழையில் தண்ணீர் வரவேற்பறைத் தேக்குத் தரையைத் தொட்டது. தலைவர் ஒரே ஒரு போன் செய்தார். லாரி பறந்து வந்தது.

வாசலில் குடையோடு நின்ற கலாதேவி கேட்டார்: "ஏண்ணே பிடுங்கச் சொல்றீங்க? இனம் அழிஞ்சிடாதா?"

"இது களை, பிள்ளை! வீடு மூழ்குது, தெரியேல்லையோ?" பதற்றத்தில் தலைவரின் மேடைத் தமிழ் கழன்றுவிட்டது.

"அப்ப லாரிய அப்படியே எங்க பக்கம் அனுப்புங்க."

"அங்கே அது அபூர்வம்" என்றார் தலைவர், உடனே நிதானமடைந்து.

கலாதேவி பஸ் ஏறினார். ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்தாரோடு வேலியைப் பிடுங்கி, சாக்கடையைத் தூர்வாரிவிட்டார். தண்ணீர் கடகடவென்று ஓடியதாம்.

பேரவை ஆழ்ந்த துயரத்துடன் மீண்டும் கூடியது. அழிந்த செடிகளுக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். கலாதேவிக்காகத் தனியே மௌனம் காக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வீடு மூழ்கிய நாள் முதல் அதைத்தான் காத்துவருகிறோம்.