பொன்முடிக்குப் போன பை

ஒரு பயணப்பைக்காக வண்டி வாங்கின மனுஷர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் கரமனை ஆம்புலன்ஸ் சாமி. இல்லை என்பவர்கள் நேரில் வரலாம், சண்டைக்கு நான் தயார்.

எங்கள் தெருவில் பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நேரத்துக்குப் பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பை வாசல் தாண்டினால் ஆளும் கிளம்பிவிட்டதாக அர்த்தம். போன வருஷம் சாமியும் மாமியும் பொன்முடி மலைக்குப் போவதாக இருந்தது. நாற்பது வருஷமாகத் துணி உலர்த்தும்போதெல்லாம் மாமி அந்த மலையைப் பார்த்து, "அங்கேர்ந்து பாத்தா நம்ம மொட்டைமாடி தெரியுமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முதல் நாள் சாயங்காலம் பை எங்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலையில் மாமி எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும், "சாமி, பையை எடுத்துக்குங்கோ" என்றேன்.

"திருப்பி எடுக்கப்படாது ஓய். அவ கிளம்பியாச்சு, போய்ச் சேரலை. நடுவழியிலே நிக்கறா."

அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி பை இருந்த அறைக்குள்ளே போவதில்லை. ஒருநாள் வாசலில் நின்றே கூப்பிட்டாள். "கேட்டேளா, அலமாரியிலே இருந்த பை பெஞ்சுமேல இருக்கு!"

"நீ எடுத்து வச்சிருப்பே."

"நானா? நன்னாயிருக்கு! அதை நான் தொடுவேனா?"

நானும் தொடவில்லை.

மாமியை பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிப்போக சாமிக்கு மனசில்லை. ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸை எடுத்தார். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தானே பொருத்தி, 'கேரவன்' என்று பெயரிட்டார். தெரு கேட்கவில்லை, ஆம்புலன்ஸ் சாமி என்றே பெயர் நிலைத்தது. வண்டி வேலை முடிந்த மறுநாள் விடியும் முன்னே என்னை எழுப்பினார். "நாளைக்கு வருஷத் திவசம். நடுவழியிலே நிக்கறவளை எப்படி ஓய் கூப்பிட்டுப் பிண்டம் வைக்கறது? இன்னிக்கே கொண்டு சேத்தாகணும். நாலு மணிக்கு மேலே மலைப்பாதை கேட்டை மூடிடுவா."

பையைக் கட்டிலில் வைத்து பெல்ட் போட்டுக் கட்டினார். நான் முன்சீட்டில் ஏறினேன்.

நெடுமங்காட்டில் தொட்டிக் குழாய் பிய்த்துக்கொண்டு முழங்கால்வரை நனைந்தோம். ஆள் பிடித்து அதைச் சரிசெய்து கிளம்ப உச்சிவேளை ஆகிவிட்டது. விதுரையில் டயர் பஞ்சர். மாற்று டயரோ கட்டிலுக்கு அடியில். கட்டிலையோ சாமி பன்னிரண்டு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மாட்ட மூன்று மணி நேரம் போயிற்று. நான் அவரைத் திட்டாத வசவில்லை. "எடோ, வழியிலே சண்டை வேண்டாம். அவ கேட்டுண்டிருக்கா" என்றார் சாமி, பின்பக்கம் கண்ணைக் காட்டி.

கிளம்பினதும் சைரன் தானாக அலற ஆரம்பித்தது. எதிரில் வந்த பஸ் ஒதுங்கி நின்றது. ஜன்னலோரக் கிழவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சைரனை நிறுத்தித் தொலையும்!"

"வயரைப் போன வாரமே பிடுங்கிட்டேனே ஓய்" என்றார் சாமி.

கேட்டுக்கு வரும்போது நாலாக ஐந்து நிமிஷம். காவலாளி டிக்கெட் புத்தகத்தைப் புரட்டினார்.

"மூணு பேரல்லே?"

"ரெண்டு பேர்" என்றேன்.

அவர் குனிந்து பின்னால் பார்த்தார். "அப்போ ஆ அம்மயோ?" அந்த அம்மா கணக்கில்லையா என்கிறார்!

"ஆமாம், மூணு! மூணு டிக்கெட்டாவே கிழியும்" என்றார் சாமி, முகமெல்லாம் சிரிப்பாக. உச்சி சேரும்வரை நான் கழுத்தைத் திருப்பவேயில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்கதவு உள்ளேயிருந்து தட்டுவதுபோல் டக் டக்கென்றது. சாமி ஒவ்வொரு தடவையும், "பயப்படாதே, இதோ ஆயாச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

மேலே ஒரே மஞ்சு, அடர்ந்த மூடுபனி. கரமனை என்ன, என் கால்கூட எனக்குத் தெரியவில்லை. சாமி பையைக் கம்பிவேலி ஓரம் கொண்டுபோய் வைத்தார். "வந்து சேந்தாச்சு. நன்னா பாத்துக்கோ. குளிர்றதா? சால்வை எடுத்துத் தரேன்" என்று ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஜிப்பைத் திறந்தார்.

உள்ளே சாமியின் ஸ்வெட்டர், சாமியின் மஃப்ளர், இரண்டு வேட்டி, 'காலை', 'ராத்திரி' என்று மாமி எழுதிய மாத்திரைப் பொட்டலங்கள். பையின் பக்கவாட்டு ஜேப்புகளையும் துழாவினோம். மாமியுடையதாக ஒரு சீப்புகூட இல்லை.

"தன்னோடதைக் காலம்பற வச்சுக்கலாம்னு விட்டிருப்பா" என்றார். அப்புறம் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ கிளம்பினது அவ இல்லை ஓய், நான். ஒரு வருஷமா நடுவழியிலே நின்னுண்டிருந்தது நான்தான். என்னைத் தனியா விட மனசில்லாம கூடவே நின்னிருக்கா."

குழந்தைபோல அழுதார். காலையிலிருந்து அவரைத் திட்டின என் வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மஃப்ளரை எடுத்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டேன்.

இறங்கும்போது நான் பின்னால் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். சாமி கையை நீட்டி, காலியாக இருந்த முன்சீட்டுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டு, மெதுவாக வண்டியை எடுத்தார்.