கூடாரத்தைச் சுற்றி ஒரு வரப்பு

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். சைக்கிளில் அதை ஏறுவதற்கே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த நான், கொல்லிமலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பாறை ஏறப் போனேன் என்றால், அதற்கு ஒரே காரணம் மலர்விழி.

திருச்சி ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவள். மலையடிவாரத்துப் பெண். லீவு நாட்களில் பாறை ஏறப் போகும் எங்கள் ஆபீஸ் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. என் மனதில் இருப்பதை அவளிடம் சொல்லிவிட வேண்டும், அதையும் பாறை உச்சியில் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். (சினிமா பார்த்துக் கெட்டுப்போனவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.)

உச்சிக்குப் போனால்தானே? இடுப்பில் கயிறும் தலையில் ஹெல்மெட்டுமாக ஓர் ஆள் உயரம் ஏறினேன். பிறகு கீழே பார்த்துத் தொலைத்தேன். அதன்பின் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன். வலது காலை எங்கே வைக்க வேண்டும் என்று மலர்விழி பொறுமையாகச் சொன்னாள். எனக்கு வலது கால் எது என்பதே மறந்துவிட்டது. கடைசியில் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டார்கள்.

போன மானத்தை எப்படி மீட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வானம் கறுத்தது. ஓடைக்கு மேலே சரிவில் கூடாரம் அடித்திருந்தோம். மழை வந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

"தண்ணி விஷயத்த டெல்டாக்காரன்கிட்ட விட்டுடுங்க" என்றேன்.

(குத்தாலம் பக்கம் எங்களுக்கு நிலம் இருப்பது உண்மை. ஆனால் அது குத்தகையில் இருக்கிறது, அப்பா வாத்தியார். நான் வரப்பைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவன்.)

என் கூடாரத்தைச் சுற்றி மண்ணை அணைத்து, காலால் மிதித்து, இடைவெளியே இல்லாமல் ஒரு வரப்புக் கட்டினேன். எல்லோருடைய படுக்கையையும் அரிசி மூட்டையையும் இங்கேயே வைக்கலாம் என்று உத்தரவாதம் கொடுத்தேன். அவர்களும் நம்பி வைத்தார்கள். மலர்விழியின் முகத்தில் லேசான மரியாதை தெரிந்தது. பிறகு எல்லோருமாக அருவி பார்க்கக் கிளம்பினோம்.

மழை அங்கே பிடித்துக்கொண்டது. பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் நான் ஒருவன் மட்டும் சந்தோஷமாக நின்றேன்.

திரும்பி வந்து பார்த்தால், மற்ற கூடாரங்களைச் சுற்றி விழுந்த தண்ணீர் சரிவில் தானாக வடிந்து போயிருந்தது. என் கூடாரம் மட்டும் குளத்துக்குள் நின்றது. வரப்பு ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எங்கள் ஊரில் வரப்புக் கட்டுவதே தண்ணீரைத் தேக்கத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வடிவதற்கு ஒரு மடை வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே படுக்கைகள் மிதந்தன. அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

யாரும் திட்டவில்லை. "நடவு எப்ப, பாஸ்?" என்று ஒருவன் கேட்டதோடு சரி. மலர்விழி ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்து வரப்பை வெட்டிவிடச் சொன்னாள். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வெட்டினேன். தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலாகக் கீழே இருந்த கூடாரத்துக்குள் போனது. அது அவளுடையது.

இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது? கணுக்கால் சேற்றில் நின்றபடி, தட்டும் கையுமாகச் சொல்லிவிட்டேன்.

"மலர், உங்கள கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசை. உச்சியில வச்சு சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் தன் கூடாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"முதல்ல இந்தத் தண்ணிய இறைங்க. அப்புறம் பேசலாம்."

இருட்டும்வரை இறைத்தேன். மறுநாள் ஊர் திரும்பும் வேனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினாள். எனக்குக் கை வலி தெரியவில்லை.

குத்தாலத்தில் கல்யாணம். பெண் வீட்டுச் சீர்வரிசையில் பழம், தேங்காய், கற்கண்டு எல்லாம் வந்தபின், கடைசித் தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு புது மண்வெட்டி வந்தது. மலையடிவாரத்து வழக்கம் போலிருக்கிறது என்று எங்கள் சொந்தக்காரர்கள் பயபக்தியோடு வாங்கி வைத்தார்கள். என் சித்தி அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

இப்போது தஞ்சாவூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். வெட்டுவதற்குப் பிடி மண் கிடையாது. ஆனாலும் அந்த மண்வெட்டி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. எந்த விஷயத்திலாவது எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் ஆரம்பித்தால், மலர் எதிர்த்துப் பேசுவதே இல்லை.

"மண்வெட்டிய எடுத்துத் தரட்டுமா?" என்று மட்டும் கேட்பாள்.